ஏழு கட்டத்து நாடு

நாற்காலி நெல்சனுக்குப் போய்விட்டது. சென்ற வாரம் அந்த இடத்தில் நிறுத்தினேன். இந்த வாரம் அவன் அதில் உட்கார்கிறான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி. என் மனைவி நிபியா இறந்தபின் இது இரண்டாவது குளிர்காலம். உருகுவேயில், எங்கள் ஊரான பைசாந்தூவில், அரோரா கிளப் ஆண்டுதோறும் ஒரு குறுக்கெழுத்துப் போட்டி நடத்தும். உலக வரலாறு மட்டும். இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். நிபியாவும் அவள் அப்பா வாஷிங்டனும் ஒரு ஜோடி. ஜெயித்த ஜோடியின் பெயரை, மதுக் கவுன்டருக்கு மேலே உள்ள மரப்பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதுவார்கள். அதில் கடைசி வரி இன்னும் 'வாஷிங்டன் – நிபியா'. போன வருடம் துக்கம் என்று போட்டியையே நடத்தவில்லை.

இந்த வருடம் மாமனார் தன் பக்கத்தில் என்னை உட்காரச் சொல்வார் என்று நினைத்தேன். நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். அவர் மகளோடு வாழ்ந்தவன். அவர் நெல்சனைக் கூப்பிட்டார். நிபியாவின் தங்கை ஸுல்மாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். உள்ளூர் ரேடியோவில் பந்தாட்ட வர்ணனை சொல்கிறவன்.

மறுநாள் கிளப் கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. இந்த வருடக் கட்டத்தை நீ போட்டுத் தர முடியுமா என்றார்கள். போடுகிறவர் விளையாடக் கூடாது, அவர்தான் நடுவர்.

சரி என்றேன்.

*

போட்டி நாள் காலையில் மழை. பந்தாட்டம் ரத்து. நெல்சனுக்கு வேலை இல்லை. எனவே மாமனார் வீட்டுச் சமையலறையில் இருந்தான்.

நிபியாவின் நாற்காலியில், ஜன்னல் பக்கம், பச்சை மெத்தையை முதுகுக்கு வைத்துக்கொண்டு. அவள் அதன்மேல் உட்காருவாள். இவன் சாய்ந்துகொண்டான்.

"வாய்யா ஆசிரியரே," என்றான். "கேள்வியெல்லாம் பைக்குள்ளயா? பைய இங்க வெச்சிட்டு, தோட்டத்துல மழை எப்படிப் பெய்யுதுன்னு கொஞ்ச நேரம் பாத்துட்டு வாயேன், சகலை."

சகலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நிபியா இருந்தால் அவன் எனக்குச் சகலை. அவள் இல்லாதபோது அந்த உறவுக்கு ஒரு கால் குறைகிறது.

"தோட்டம் நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

ஸுல்மா அடுப்படியில் நின்று மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கொழுப்பில் தோர்த்தா பொரிக்கும் வாசம் வரும். மாவு வட்டத்தின் நடுவில் விரலால் ஓட்டை போட்டுச் சட்டியில் விட்டாள்.

"உக்காரு ரமிரோ. சூடா ஒண்ணு சாப்பிடு. முகம் வத்திப்போயிருக்கு."

"சாப்பிட்டுதான் வந்தேன்."

"பொய் சொல்றதுக்கு முன்னாடி தட்டையாவது பாக்காம இருக்கணும்."

மாமனார் பிளாஸ்க்கிலிருந்து மாத்தே தேயிலைக் குடுவையில் வெந்நீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மகள் போன பிறகும் மாத்தே சுற்று வரும்போது அவர் முதலில் என்னிடம்தான் நீட்டுகிறார். அதை ஒரு கணக்காக வைத்திருந்தேன். அன்று அது எனக்கு இரண்டாவதாக வந்தது என்பதை, எல்லாரும் மாறி மாறி உறிஞ்சும் குழலில் இருந்த சூட்டிலிருந்து தெரிந்துகொண்டேன்.

"இவன்கிட்ட வாய் குடுக்காத," என்றார் மாமனார். "காலைலேந்து என் பிராணன வாங்கறான். நெப்போலியன் எந்தத் தீவுல செத்தான்னு கேட்டா, அந்தத் தீவுக்குப் பந்தாட்ட டீம் இருக்கா இல்லையான்னு ஆரம்பிக்கறான்."

"இருக்கு தோன் வாஷிங்டன். ஜெயிக்கமாட்டாங்க. ஆனா இருக்கு." மாமனாரை அவன் மரியாதையாகத் தோன் என்றுதான் கூப்பிடுவான்.

"விடைய மட்டும் சொல்லுடா."

"ஸாந்தா எலேனா. மைதானத்துக்கு ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். பந்து உருண்டா மறு பந்து எடுக்க வேண்டியதுதான். நெப்போலியன் எதுக்குத் தப்பிச்சுப் போகலன்னு நினைக்கறீங்க? பந்து பொறுக்கியே காலம் போயிடுச்சு."

மாமனார் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு, மூக்கால் வெளியே விடும் சிரிப்பு. கடைசியில் ஒரு இருமல் வரும். நிபியாதான் அதை வரவைப்பாள். அவள் போன பிறகு நான் எவ்வளவோ முயன்றிருக்கிறேன். எனக்கு வரவில்லை.

நான் மாத்தேயைத் திருப்பிக் கொடுத்தேன். நன்றி என்றேன். எங்கள் ஊரில் மாத்தேக்கு நன்றி சொன்னால், போதும், இனிமேல் வேண்டாம் என்று அர்த்தம்.

மாமனார் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு," என்றான் நெல்சன். கையில் பழைய பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கம். அதை வர்ணனைக் குரலில் வாசித்தான். "மேலிருந்து கீழ் நாலு! இரண்டாம் உலகப் போருக்குப் பின்பு ஜெர்மானியத் தளபதிகளை விசாரித்த நகரம்! தோன் வாஷிங்டன் பேனாவைத் தூக்குகிறார்... யோசிக்கிறார்... அரங்கமே எழுந்து நிற்கிறது..."

"நூரெம்பர்க், கழுதை," என்றார் மாமனார். மறுபடி மூக்குச் சிரிப்பு.

ஸுல்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி கையில் அப்படியே நின்றது.

"அப்பா சிரிச்சா உனக்குக் கஷ்டமா இருக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இல்லை."

"நெல்சன் வந்தா?"

"தோர்த்தா கருகுது," என்றேன்.

*

கட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நெல்சனின் ஊர் செர்ரோ சாத்தோ. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் அங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பெண்களும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். இந்தக் கண்டத்திலேயே பெண்கள் முதலில் ஓட்டுப் போட்டது எங்கள் நாட்டில்தான் என்று ஒவ்வொரு உருகுவேக்காரனும் பள்ளியிலேயே கற்றுவிடுகிறான். நானே நடத்தியிருக்கிறேன்.

நெல்சன் முதல்முறை இந்த வீட்டுக்கு வந்தபோது, சூப் ஆறுவதற்குள் அதைச் சொல்லிவிட்டான். அவன் அம்மாவின் பெரியம்மா அந்த வரிசையில் நின்றாளாம். குடை கொண்டுபோயிருந்தாளாம். குடையின் நிறம்கூடச் சொன்னான்.

அதனால்தான் இடமிருந்து வலம் பதினெட்டு.

'லத்தீன் அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு பெண் ஓட்டுப் போட்ட நாடு.' ஏழு கட்டம்.

எங்கள் ஸ்பானிய எழுத்தில் உருகுவே ஏழு கட்டம். எக்வடோரும் ஏழு கட்டம். எக்வடோரில் லோஹா என்ற ஊரில் ஒரு பெண் மருத்துவர் இருபத்துநாலிலேயே ஓட்டுப் போட்டுவிட்டார். செர்ரோ சாத்தோவுக்கு மூன்று வருடம் முன்பு. அந்த ஏழு கட்டத்தில் ஒன்றில் மட்டும் வேறொரு சொல் குறுக்கிடும்படி வைத்தேன். மூன்றாவது கட்டம். இரண்டு நாட்டுக்கும் அங்கே ஒரே எழுத்து. தப்பாக எழுதினாலும் எதுவும் இடிக்காது.

ஒரு வாரம் உட்கார்ந்து அந்த மூலையைச் செய்தேன்.

எக்வடோர் விஷயம் எனக்கே தெரியாது. நிபியா சொன்னது. சால்தோ போகும் பேருந்தில், ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தபோது. "ஆசிரியருக்குத் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியும்," என்று தோளால் இடித்தாள். சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத. ஊர விட்டே துரத்திடுவாங்க," என்றாள். நான் சொல்லவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்தது.

*

கிளப் கூடத்தில் விறகடுப்பு எரிந்தது. ஈரக் கோட்டுகளின் வாசம். மேசைக்கு ஒரு ஜோடி.

விதிகள் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் கமிட்டித் தலைவி தோன்யா எலிதா படித்தாள். மருந்துக்கடை வைத்திருக்கிறவள், அவளும் அவள் தம்பி மில்டனும் நிபியாவிடம் தோற்றுத் தோற்றுப் பழகியவர்கள்.

"ஒருத்தர் குறிப்ப வாசிக்கணும். இன்னொருத்தர் கட்டத்துல எழுதணும். நடுவுல அட்டை. வாசிக்கறவர் கட்டத்தப் பாக்கக் கூடாது. எழுதறவர் குறிப்பப் பாக்கக் கூடாது. மை மட்டும். அடிச்சு எழுதினா தப்பு. முடிச்சதும் மணி. சமமா வந்தா முதல் மணிக்குத்தான் ஜெயம். நெல்சன், வர்ணனை கிடையாது."

கூடம் சிரித்தது. நெல்சன் எழுந்து தலைகுனிந்து வணங்கினான்.

மாமனாருக்குச் சின்ன எழுத்து தெரிவதில்லை. முன்பு நிபியா வாசிப்பாள், அவர் எழுதுவார். இப்போதும் அப்படியே. அவள் உட்கார்ந்த பக்கம் அவன். அவள் அட்டையின் மேல் விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு வாசிப்பாள். அவன் தாளை மூக்கருகே வைத்துக்கொண்டான். அதுவாவது வேறாக இருந்தது.

நான் மேசைகளுக்கு நடுவே நடந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. தேர்வறையில் நடப்பதுபோல. எல்லா மேசையிலும் கிசுகிசுப்பு. கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது. பாஸ்டீல் விழுந்தது. பெர்லின் சுவர் விழுந்தது. வரலாறு என்றால் எங்கள் ஊரில் பெரும்பாலும் எதாவது விழும்.

மாமனார் மேசை அருகே வந்தபோது நெல்சன் பதினெட்டை வாசித்துக்கொண்டிருந்தான். நான் நடையைக் குறைத்தேன்.

வாசித்து முடித்தான். பேசவில்லை.

"இதுக்கு என்னடா யோசனை?" என்றார் மாமனார். "உன் ஊருதானே! குடை பிடிச்ச கிழவி!"

பேனா முள் தாளில் பட்டதைப் பார்த்தேன். அதற்குமேல் நிற்கவில்லை. அடுத்த மேசைக்கு நடந்தேன். நெஞ்சில் ஏதோ ஒன்று, நீண்ட நாளுக்குப் பிறகு, சூடாக இருந்தது. அது மகிழ்ச்சி இல்லை. ஆனால் சூடாக இருந்தது.

முதலில் மணி அடித்தது தோன்யா எலிதா மேசையில். சற்றுப் பொறுத்து மாமனார் மேசையில். பிறகு மற்றவர்கள்.

*

திருத்துவது பில்லியர்ட்ஸ் அறையில். தனியாக. கதவைச் சாத்திக்கொண்டு.

தோன்யா எலிதாவின் தாள். எல்லாம் சரி. பதினெட்டில் உருகுவே. சிவப்புக் கோடு போட்டேன்.

அடுத்த ஜோடி. உருகுவே. அதற்கடுத்த ஜோடி. உருகுவே. நூலகர், தாசில்தார், இரண்டு வக்கீல்கள், என் பள்ளியின் பூகோள ஆசிரியை. உருகுவே, உருகுவே. ஒருவர் பக்கத்தில் சின்னதாக நம் கொடியின் சூரியனை வரைந்து, அதற்குக் கண்ணும் சிரிப்பும் வைத்திருந்தார்.

ஒருவனுக்கு வைத்த கண்ணியில் ஊரே விழுந்திருந்தது.

மாமனாரின் தாளைக் கடைசியில் எடுத்தேன். எல்லாம் சரி. பதினெட்டின் முதல் கட்டத்தில், பேனா ஊன்றி நின்ற இடத்தில், மையால் ஒரு புள்ளி. அதன்மேல் நிதானமான கிழவர் எழுத்தில், எக்வடோர்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தேன்.

நெல்சன் தன் ஊர்ப் பெருமையைப் பேசி நாளாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் சூப்போடு சரி. பிறகு ஒருநாளும் பேசவில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

*

விடைகளை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். வாசித்தேன். பதினெட்டுக்கு வந்தேன்.

"எக்வடோர்."

ஒரு கணம் அடுப்பு எரிவது கேட்டது. பிறகு கூடம் வெடித்தது.

"என்னது?"

"தூக்கத்துல போட்டியா ரமிரோ?"

"செர்ரோ சாத்தோ என்னாச்சுய்யா?"

தோன்யா எலிதா கையைத் தட்டி அடக்கினாள். என்னருகே வந்தாள்.

"தம்பி, என் பேத்திக்கு இந்தப் பாடத்த நடத்தினது நீதானே? உருகுவேன்னுதானே நடத்தின?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்புறம்?"

"புத்தகம் தப்பு. எக்வடோர்ல இருபத்துநாலு. நம்மது இருபத்தேழு."

"ஒரே ஒரு பொம்பள போட்டதும், ஊரே கூடிப் போட்டதும் ஒண்ணா?"

"கேள்வி ஒரு பெண்ணைத்தான் கேட்டுச்சு."

"எத்தனை பேர் எக்வடோர்னு எழுதியிருக்காங்க?"

"ஒரு ஜோடி."

"யாரு?"

சொன்னேன்.

எல்லாத் தலையும் நெல்சன் பக்கம் திரும்பியது. பின் மேசையிலிருந்து ஒருவன் கத்தினான். "அடப்பாவி! பெத்த ஊரையே வித்துட்டியேடா!"

"குடைய வித்தியா, கிழவிய வித்தியா?"

நெல்சன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, எதிரணி மைதானத்தில் கோல் போட்டவன்போல் நின்றான். சிரித்தான். ஆனால் என் பக்கம் பார்க்கவில்லை.

தோன்யா எலிதா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். வஞ்சகமான பெண் அல்ல. ஜெயிக்க ஆசைப்படுகிறவள், அவ்வளவுதான்.

"ரெண்டு விடையும் சரின்னு போட்டுடு. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. ஊரு முழுக்க ஒரு பக்கம் இருக்கு. நடுவர் நீ. நீ தலைய ஆட்டினா முடிஞ்சுது."

தலையை ஆட்டினால் அவள் ஜோடி ஜெயிக்கும். முதலில் மணி அடித்தவர்கள் அவர்கள். பலகையில் நிபியாவுக்குக் கீழே ஒரு மருந்துக்கடைக்காரியின் பெயர் வரும். அவள் தம்பியின் பெயர் வரும். வாஷிங்டன் என்ற பெயருக்குப் பக்கத்தில் வேறு எந்தப் பெயரும் வராது. நான் வேண்டியதெல்லாம் அதுதான். ஊரே அதை எனக்குத் தட்டில் வைத்து நீட்டியது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" இது மாமனாரின் குரல். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்திருந்தார். "எனக்கும் எக்வடோர் தெரியாது. நான் உருகுவேன்னுதான் எழுதப் போனேன். இவன் பேனாவப் புடிச்சிட்டான். சரி, இவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எழுதினேன். டேய் நெல்சன், பெரிய மேதாவி, உனக்கு யாருடா சொன்னது?"

நெல்சன் குறிப்புத் தாளை மடித்தான்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"நிபியா," என்றான்.

கவுன்டரில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்தினான்.

"ஊர்ப் பெருமை பேசினேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம் சொன்னா. இனிமே பெருமை பேசறதுன்னா, வரிசைல ரெண்டாவதா நின்னோம்னு பேசுன்னா."

மாமனார் உட்கார்ந்தார். மூக்கால் காற்று விட்டார். இருமல் வந்தது. பிறகு கண்ணைத் துடைத்தார்.

எனக்கு மட்டும் சொன்னது. யாரிடமும் சொல்லாதே என்று என்னைத் தோளால் இடித்துச் சொன்னது. அதை இவனிடம், ரொம்ப நேரம் சிரித்தபிறகு.

தோன்யா எலிதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன தம்பி? ஆட்டறியா?"

பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அந்த நிமிடம் நெல்சன்மேல் எனக்கு இருந்த வெறுப்பு காலையில் இருந்ததைவிட அதிகம். ஆனால் நிபியா சொன்ன விடைக்குப் பக்கத்தில், அவள் ஊர்க்காரர்கள் நடுவில், ஒரு தப்பான விடையையும் சரி என்று உட்காரவைக்க என் தலை ஆடவில்லை.

"எக்வடோர் மட்டும்தான்," என்றேன்.

*

பலகையில் பெயர் எழுதுவது கட்டம் போட்டவரின் வேலை. பழைய வழக்கம். ஏணி கொண்டுவந்தார்கள். ஸுல்மா பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். மற்றவர்கள் அடுப்புப் பக்கம், கிராப்பா சாராயமும் கூச்சலுமாக.

வாஷிங்டன் என்று எழுதினேன். கோடு போட்டேன்.

"பதினெட்டு யாருக்கு வெச்சது?" என்றாள் ஸுல்மா.

"எல்லாருக்கும்."

"முதல் நாள் அவன் அந்தக் கதைய சொன்னப்ப, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. எனக்குத் தெரியாதா?"

பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தேன்.

"அக்கா சொன்னத வெச்சே அக்காவோட அப்பாவ கவுக்கப் பாத்தியா, ரமிரோ?"

"அவருக்கு வைக்கல."

"அந்த மேசைல அவர்தானே பேனா பிடிச்சிருந்தாரு?"

நெல்சன் என்று எழுதினேன். எழுத்து நேராகவே வந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

"அப்பாகிட்ட சொல்லமாட்டேன்," என்றாள். "ஆனா நெல்சனுக்குத் தெரியும். வாசிச்சதுமே தெரிஞ்சிருக்கு அவனுக்கு. அதான் கொஞ்ச நேரம் பேசல."

"என்ன செய்யப் போறான்?"

"அவனையே கேளு. வெளிய நிக்கறான். ரொம்ப நேரமா."

*

வராந்தாவில் தகரக் கூரைமேல் மழை இரைந்தது. நெல்சன் தூணில் சாய்ந்து நின்றான். கையில் எண்ணெய் ஊறிய தாளில் ஒரு தோர்த்தா. பாதியைப் பிய்த்து நீட்டினான். வாங்கவில்லை.

"நல்ல கேள்வி," என்றான். "பதினெட்டு."

"தெரிஞ்சும் ஏன் எதுவும் சொல்லல?"

"யார்கிட்ட? தோன் வாஷிங்டன்கிட்டயா? இன்னிக்கு அவர் சிரிச்சத பாத்தல்ல?"

அவன் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"அவ எப்ப சொன்னா உனக்கு?"

"ஆஸ்பத்திரில. கடைசிக் குளிர்காலத்துல. புதன்கிழமை உனக்கு ஸ்கூல்ல சாயங்காலம் வரைக்கும் வகுப்பு. ஸுல்மாவுக்கும் வேலை. ரேடியோல எனக்கு அன்னிக்கு மதியம் சும்மா. போய் உக்காருவேன். அவ குறுக்கெழுத்துப் பக்கத்த வெச்சுக்கிட்டு என்னை வாட்டி எடுப்பா. ட்ராய் எங்க இருக்குன்னு கேட்டா. ரெண்டாவது டிவிஷன்லன்னு சொன்னேன்."

"எத்தனை புதன்கிழமை?"

"எண்ணல சகலை."

நான் எண்ணியிருப்பேன். அந்தப் புதன்கிழமைகளில் நான் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் போனால் தூங்கிக்கொண்டிருப்பாள். களைப்பு என்று நர்ஸ் சொல்வாள். அந்தக் களைப்பு இவனோடு சிரித்த களைப்பு.

"அவ என்கிட்ட ஒண்ணும் சொல்லல," என்றேன். "நீ வந்தேன்னுகூட."

"சொல்ல வேணாம்னா."

"ஏன்?"

அவன் தோர்த்தாவைத் தாளில் மடித்தான். முதல்முறையாக அவன் முகத்தில் வர்ணனைக்காரன் இல்லை.

"நீ ஒரு தப்புக் கணக்கு போட்டிருக்க. தோன் வாஷிங்டன் உன்னத் தள்ளிட்டு நாற்காலிய எனக்குக் குடுத்தாருன்னு நினைக்கற. அவர் குடுக்கல. நான்தான் போய்க் கேட்டேன். கேக்கச் சொன்னது அவ."

மழை இரைந்தது. உள்ளே யாரோ மாமனாரைத் தோளில் தூக்க, அவர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவது கேட்டது.

"நிபியாவா?"

"அப்பா பக்கத்துல நீ உக்காருன்னா. ரமிரோவ உக்கார விடாதன்னா."

அந்த வாக்கியத்தை நான் இரண்டு முறை கேட்டதுபோல் இருந்தது. அவன் ஒருமுறைதான் சொன்னான்.

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். சொன்னா. ஒரு மதியம் முழுக்க சொன்னா." அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். ஸுல்மா ஏணியை மடித்துக்கொண்டிருந்தாள். "இங்க நின்னு சொல்ற விஷயம் இல்ல. புதன்கிழமை மதியம் எனக்கு இப்பவும் சும்மாதான்."

இவனை அடிக்க வேண்டும் என்று தோன்றியது. உள்ளே போய்ப் பலகையை இறக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

என் மனைவியின் மதியங்களை இவன் வைத்திருந்தான். அவள் சிரித்தது, அவள் சொன்னது, நான் இல்லாதபோது அவள் எப்படி இருந்தாள் என்பது எல்லாம் இவன் ஒருவனிடம் இருந்தது. இவனை விரட்டினால் அதுவும் போய்விடும்.

"எனக்கு வகுப்பு இருக்கு புதன்கிழமை," என்றேன்.

"தெரியும்."

"லீவு போடறேன். வீட்டுக்கு வா."